டெலிபோன் அம்மா மறக்கவில்லை

அன்று காலை என் அம்மா கைப்பேசியை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பேசினார். எட்டு வயதில் வந்த காய்ச்சலில் எனக்குக் காது போய்விட்டது. அதிலிருந்து உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறேன். அதனால் என் எதிரில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டில் யாரும் எடுத்துச் சொல்லாமலே இருக்கும் வழக்கம். அம்மா அதை மீறியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பேசி முடித்துத் திரும்பியவர், “போயிட்டாங்க” என்றார். யார் என்று நான் கேட்கவில்லை.

ஆர்.எஸ்.புரத்தில் நீங்கள் எல்லோரும் டெலிபோன் அம்மா என்று கூப்பிட்ட விசாலாட்சி அம்மாளுக்கு வயது தொண்ணூற்று நான்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவரை வளர்த்த பெரியம்மாவின் பேரன் சண்முகம் அண்ணாவின் வீட்டில் கீழ்ப்பகுதியில் இருந்தார். என் அம்மா அங்கே சமையல் வேலை செய்கிறார். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நின்ற பிறகு நானும் கூடப் போக ஆரம்பித்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு சிறு புத்தகம் போடுகிறோம், கடைசி இரண்டு வருடமும் நீதான் கூட இருந்தாய், நீயும் எழுது என்று சண்முகம் அண்ணா சொன்னார். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எழுத ஒரு காரணமும் இருக்கிறது. போன மாதம் மண்டபத்தில் அவருடைய அம்மா நடித்த படத்தின் துண்டைத் திரையிட்டபோது உங்களில் பலர் வந்திருந்தீர்கள். மைக்கில் கேட்ட கேள்விக்கு அவர் “தெரியாதுங்க” என்று சொன்னார். வயதாகிவிட்டது, பாவம், மறந்துபோய்விட்டார் என்று வெளியே வந்து பேசிக்கொண்டீர்கள். நீங்கள் மெதுவாகப் பேசினாலும் எனக்கு அது ஒன்றுதான். அவர் மறக்கவில்லை. என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். இப்போது நான் மட்டும் இருக்கிறேன்.

முதல் நாள் நான் அந்த வீட்டுக்குப் போனபோது அவர் காதில் வைத்திருந்த மிஷினைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார். என் அம்மா என்னைப் பற்றிச் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். “உனக்கும் கேக்காது, எனக்கும் கேக்காது. நல்ல ஜோடிதான். இனி இந்த ஊட்டுல ஒருத்தரும் ரகசியம் பேச முடியாது போ” என்றார். அவருக்குப் பல் முழுவதும் இருந்தது. வார்த்தையை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதுபோலப் பேசுவார். எனக்கு அவர் உதடு அச்சடித்த புத்தகம் மாதிரி.

அது வேலையில் வந்த பழக்கம். கோவை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டுக் கொடுக்கும் ஆபரேட்டராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அந்தக் காலத்து மில்காரர்கள் எல்லோருடைய குரலும் அவருக்குத் தெரியும், ஒருவருடைய முகமும் தெரியாது. ஒரு கல்யாணத்தில் பெரிய மில் முதலாளி ஒருவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து யாரிடமோ பேச, இவர் அந்தக் குரலைக் கேட்டதும் எழுந்து வணக்கம் சொன்னாராம். நீங்க யாருங்க என்று அவர் விழித்திருக்கிறார். “நாந்தானுங்க தெனமும் காலைல ஒங்களைப் பம்பாய்க்குக் கூட்டிட்டுப் போனது” என்று இவர் சொல்ல, அந்த மனிதரின் மனைவி திரும்பிப் பார்த்த பார்வையை நடித்தே காட்டுவார்.

அப்படி நடித்துக் காட்டுவது அவருக்கு நன்றாக வரும். ஆனால் நன்றாக நடிக்கிறீர்கள் என்று யாராவது சொன்னால் முகம் மாறிவிடும்.

அவருடைய அம்மா பெயர் தனபாக்கியம். நோட்டீஸில் தாராபுரம் தனபாக்கியம் என்று போடுவார்களாம். நாடக மேடையில் நடித்து, பிறகு பேசும் படம் வருவதற்கு முன்னால் ஊமைப்படம் என்று சொன்ன காலத்தில் நான்கு படங்களில் நடித்தவர். எக்ஸ்சேஞ்சில் கூட வேலை பார்த்த ஒருவருக்கும் டெலிபோன் அம்மா இதைச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் கூத்தாடி மகள் என்று ஒரு பெண் சொல்லி, வகுப்பு முழுவதும் அதையே சொல்ல ஆரம்பித்து, அந்த வருடம் முழுவதும் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாராம். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அம்மா செத்துப்போய்விட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று இருந்தது. இரண்டு வயதில் இவரைக் கோவையில் அக்கா வீட்டில் விட்டுவிட்டுத் தனபாக்கியம் சென்னைக்குப் படத்தில் நடிக்கப் போய்விட்டார். எப்போதாவது வந்து போனதாகச் சொல்வார்கள். ஆறு வயதில் இறந்த செய்தி வந்தது. முகமும் ஞாபகமில்லை, குரலும் ஞாபகமில்லை. டெலிபோன் அம்மா என்னிடம் பேசும்போது அம்மா என்று சொல்லவே மாட்டார். தாராபுரத்துக்காரி என்றுதான் சொல்வார். “தாராபுரத்துக்காரி நாலு படத்துல நடிச்சா. அஞ்சாவதா என்னையும் ஒரு படமாட்டச் சுருட்டி டப்பாவுல வெச்சுப்போட்டுப் போயிட்டா” என்று ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

தாராபுரத்துக்காரியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எல்லாம் பெரியம்மா சொன்னவை. திட்டுவதுபோல ஆரம்பித்தாலும் சொல்லிக்கொண்டே போகும்போது உட்கார்ந்திருக்கும் விதமே மாறிவிடும். பெருந்துறையில் சந்தை கூடும் இடத்தில் நாடகம். மைக் கிடையாது. தனபாக்கியம் பாட ஆரம்பித்தால் சந்தைக்கு வெளியே அவிழ்த்துவிட்ட வண்டியில் படுத்திருப்பவன் எழுந்து உட்காருவானாம். ஒரு தடவை நடுவில் மழை வந்து ஆர்மோனியக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட, இவர் மட்டும் நனைந்துகொண்டே மீதிப் பாட்டையும் பாடி முடித்திருக்கிறார். ஒருவரும் எழுந்து போகவில்லை.

அப்படிப்பட்ட குரல் உள்ளவரைத்தான் குரலே வேண்டாத வேலைக்குக் கூப்பிட்டார்கள். முதல் நாள் படப்பிடிப்பில் மேடையில் மாதிரியே முழு வசனத்தையும் உரக்கப் பேசிவிட்டார். கேமராவின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தாராம். அம்மா, இதற்குக் கண் மட்டும்தான், காது கிடையாது என்று சொல்லியிருக்கிறார்கள். கூட நடித்தவர்கள் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். காதல் காட்சியில் கதாநாயகன் கண்ணீரோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மத்தியானம் என்ன குழம்பு என்று கேட்டிருக்கிறான். தனபாக்கியம் மட்டும் கடைசிப் படம் வரை வசனத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லித்தான் நடித்தார். யாருக்கும் கேட்காததை எதற்கு இவ்வளவு ஒழுங்காகப் பேசுகிறாய் என்று அக்கா கேட்டதற்கு, வாய் வேறு ஒன்றைச் சொன்னால் கண்ணுக்கு அழத் தெரியாது என்றாராம்.

எனக்கு மிகவும் பிடித்தது டென்ட் கொட்டகைக் கதை. அப்போதெல்லாம் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார். பெண்ணுக்கும் அவர்தான் பேசுவார், பேய்க்கும் அவர்தான் பேசுவார். கோவைக்கு வந்திருந்தபோது தனபாக்கியம் முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்து தன் படத்தைத் தானே பார்த்திருக்கிறார். திரையில் அவர் அழுகிறார். கதை சொல்கிறவர் கட்டைக் குரலில், ஐயையோ என் நகையெல்லாம் போச்சே என்று அழுதிருக்கிறார். அந்த இடத்தில் நகை என்ற பேச்சே இல்லை. படம் முடிந்ததும் தனபாக்கியம் நேரே போய், அங்கே நான் சொன்னது அது இல்லை என்றாராம். மேக்கப் இல்லாத முகம் அந்த மனிதருக்கு அடையாளம் தெரியவில்லை. “அது ஊமைப் பொம்பளைங்கம்மா. அது என்ன நெனைக்குதுன்னு எனக்குத்தான் தெரியும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பேசும் படம் வந்தது. இவருக்கும் அழைப்பு வந்தது. அதற்குள் மார்ச்சளியும் இருமலும் பிடித்துக் குரல் கட்டிவிட்டது. மைக்கின் முன்னால் நிறுத்திப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று பெரியம்மாவுக்கும் தெரியாது. இரண்டு வருடத்தில் சென்னையிலேயே காலமாகிவிட்டார். நான்கு படங்களில் ஒன்றுகூட இப்போது இல்லை.

அப்படித்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். மூன்று மாதம் முன்னால் சென்னையிலிருந்து பழைய படச்சுருள் சேகரிக்கும் ஒருவர், எப்படியோ விசாரித்துச் சண்முகம் அண்ணாவைக் கண்டுபிடித்து, ஒரு துண்டு கிடைத்திருப்பதாகச் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஐம்பது நொடிதான் ஓடும். ஆற்றங்கரை. இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் மேலே ஏறி வருகிறாள். நின்று நீளமாக ஏதோ பேசுகிறாள். பிறகு சட்டென்று பக்கவாட்டில் திரும்பி, முகம் மலர்ந்து, ஒரே வார்த்தையில் யாரையோ கூப்பிடுகிறாள். அதோடு முடிந்துவிடும்.

டெலிபோன் அம்மா அந்த முகத்தை முதல்முறை பார்த்தபோது நான் அவர் பக்கத்தில் இருந்தேன். கைப்பேசியைத் தன் முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனார். பிறகு எட்டப் பிடித்தார். தன் மூக்கை ஒருமுறை தொட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, “கண்ணு, நீ ஒதடு பாப்பீல்ல. தாராபுரத்துக்காரி என்ன சொல்றா?” என்று கேட்டார்.

நீளமான பேச்சு எனக்குப் புரியவில்லை. அது நாடகத் தமிழ். நான் பள்ளியில் பார்க்காத வார்த்தைகள். ‘நதி’ என்றும் ‘என் செய்வேன்’ என்றும் இரண்டு இடத்தில் பிடித்தேன். கடைசியில் கூப்பிடுவதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். உதடு மூடித் திறக்கிறது, மறுபடி மூடித் திறக்கிறது. அவ்வளவுதான் தெரிகிறது. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் என் கையைப் பிடித்தார்.

“பாப்பாங்கறாளா?”

பெரியம்மா வீட்டில் அவருக்குக் கூப்பிடும் பெயர் பாப்பா. இரண்டு வயதில் ஒருமுறை பெரியம்மா அவரைச் சென்னையில் படப்பிடிப்பு நடந்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தாராம். அது ஒரு ஆற்றங்கரை என்று பெரியம்மா சொன்ன ஞாபகம் என்று பிறகு சொன்னார். அந்த நேரத்தில் எனக்கு அது எதுவும் தெரியாது. அவர் முகம் மட்டும்தான் தெரிந்தது.

நான் தலையாட்டினேன்.

காது கேட்காதவர்களுக்கு இது ஒரு கெட்ட பழக்கம். கேட்டது புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுவோம். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று எத்தனை முறைதான் கேட்பது. எதிரில் இருப்பவர் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார் என்று முகத்தில் பார்த்து அதைக் கொடுத்துவிட்டால் அவர்கள் போய்விடுவார்கள். வகுப்பில் புரிந்ததா என்று கேட்ட ஒவ்வொரு முறையும் நான் தலையாட்டியிருக்கிறேன். அன்றும் அப்படித்தான் ஆட்டினேன்.

பாப்பா, மாமா இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் போகும். கண்ணாடி முன்னால் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். பாப்பாவில் நடுவில் உதடு ஒரு இம்மி அதிக நேரம் மூடியிருக்கும். நேரில் பார்த்தால் அதை வைத்துச் சொல்லிவிடுவேன். ஆனால் அந்தக் காலத்துப் படத்தில் எல்லோரும் ஓட்டமாக நடப்பதுபோல உதடும் ஓட்டமாகப் போகிறது. எவ்வளவு நேரம் மூடியது என்று யாராலும் சொல்ல முடியாது. இது எனக்குத் தலையாட்டும்போதே தெரியும்.

அதற்குப் பிறகு அந்த வீடே மாறிவிட்டது. உங்களில் யாருக்கெல்லாம் போன் வந்தது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கூட வேலை பார்த்த அம்மாக்களுக்கு எல்லாம் தானே நம்பர் போட்டுப் பேசினார். பால்காரரைக்கூட நிறுத்தி வைத்து அந்த ஐம்பது நொடியைக் காட்டினார். “எங்கம்மா என்னையக் கூப்பிடறாங்க பாருங்க. வேலை செய்யற எடத்துலகூட என்னோட நெனப்புதான்” என்றார். எங்கம்மா என்று அவர் சொல்லி அன்றுதான் பார்த்தேன். தாராபுரத்துக்காரி என்ற சொல் அன்றோடு நின்றுவிட்டது. தொண்ணூற்று மூன்று வருடமாகச் சொல்லாத விஷயத்தைத் தெருவெல்லாம் சொன்னார். என் அம்மாவிடம், “ஒம்பட புள்ளை எனக்கு எங்கம்மாளைக் கொண்டாந்து குடுத்துட்டா” என்றார். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

பழைய படங்களில் ஆர்வம் உள்ள சிலர் சேர்ந்து மண்டபத்தில் திரையிட ஏற்பாடு செய்தார்கள். அவர்தான் சிறப்பு விருந்தினர். அந்த இடம் வரும்போது திரையின் கீழே ‘பாப்பா’ என்று எழுத்துப் போடப்போவதாகச் சொன்னார்கள். அதற்குப் பத்து நாள் இருக்கும்போது, சென்னைக்காரர் அந்தப் படத்தின் நோட்டீஸும் கிடைத்துவிட்டது என்று அதன் போட்டோவை அனுப்பினார். எழுத்து பொடியாக இருக்கிறது, அத்தைக்குப் பெரிதாக எழுதிக் கொடு அம்மணி என்று சண்முகம் அண்ணா அதை என்னிடம் தந்தார். அவர் படித்துப் பார்க்கவில்லை. கதைச் சுருக்கத்தில் ஆற்றங்கரைக் காட்சியும் இருந்தது. தண்ணீர் எடுக்க வந்த நாயகி தன் விதியை நொந்து புலம்புகிறாள். அப்போது தூரத்தில் தன்னை மணக்கப்போகும் மாமன் வரக் கண்டு, கூவி அழைத்து மகிழ்கிறாள்.

நான்கு நாள் அதை என் துணிப்பைக்குள் வைத்திருந்தேன். எழுதிவிட்டாயா என்று அண்ணா கேட்டபோதெல்லாம் தலையாட்டினேன். ஐந்தாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு டெலிபோன் அம்மா கட்டிலில் உட்கார்ந்து, மண்டபத்துக்கு எந்தப் புடவை என்று என் அம்மாவிடம் எடுத்து வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா சமையல்கட்டுக்குப் போனதும் நான் காகிதத்தை அவர் மடியில் வைத்தேன். பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். படித்தார். மறுபடி படித்தார்.

“இது உனக்கு எப்பத் தெரியும்?”

“நாலு நாளாத் தெரியுமுங்க. ஆனா ஒதடு ஒண்ணுமாதிரி இருக்கும்ங்கறது மொதல்லயே தெரியுமுங்க.”

“அப்பறம் ஏங்கண்ணு தலையாட்டுன?”

நீங்கள் கேட்டீர்கள், அதனால் ஆட்டினேன் என்றேன். அவர் காது மிஷினைக் கழற்றித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அன்று முழுவதும் என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு முகத்தைக் காட்டாமல் இருப்பதுதான் என்னிடம் பேசாமல் இருப்பது என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் போகவே பயமாக இருந்தது. போனேன். எழுந்து உட்கார்ந்து, காபி குடித்து, தலை சீவியிருந்தார். எதிரில் ஸ்டூலைக் காட்டினார். பாப்பா, மாமா இரண்டையும் சத்தமில்லாமல் சொல்லிக் காட்டு என்றார். நான் உதட்டை மட்டும் அசைத்தேன். இப்போது சொன்னது எது என்று அவரே சொல்லிப் பார்த்தார். நாலைந்து தரம் சொன்னார். பாதிதான் சரியாக இருந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம் ஒரு கதை சொன்னார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊட்டியிலிருந்து ஒரு ட்ரங்க் கால் வந்தது. லைனில் ஒரே இரைச்சல். ஒரு வீட்டின் பெயர் பாதிதான் கேட்டது. மறுபடி கேட்டால் மேற்பார்வை செய்பவர் திட்டுவார் என்று யூகித்து ஒரு நம்பருக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். அது சாவுச் செய்தி. வேறு வீட்டுக்குப் போய்விட்டது. அந்த வீட்டிலும் ஊட்டியில் ஒரு மகன் வேலையில் இருந்தான். உண்மை தெரியும் முன் மூன்று மணி நேரம் அந்த அம்மா தரையில் விழுந்து அழுதிருக்கிறாள்.

“காதுல உழுகலைன்னா உழுகலைன்னு சொல்லிப் போடோணும் கண்ணு. யூகிச்சு லைன் குடுத்தா, ஒருத்தர் ஊட்டுக்குப் போக வேண்டியது இன்னொருத்தர் ஊட்டுக்குப் போயிரும். அது சாவா இருந்தாலும் சரி, நல்லதா இருந்தாலும் சரி. எனக்கு வந்தது இன்னொருத்தனுக்கு வந்த கூப்பாடா இருந்தாலும் இருக்கும்.”

பாப்பாவாகவும் இருக்கலாம் அல்லவா, உங்களை அங்கே தூக்கிக்கொண்டு போனார்களே என்று நான் அழுதுகொண்டே சொன்னேன். “இருக்கலாம். அதைத்தான் நானும் நேத்தெல்லாம் நெனச்சுப் பாத்தேன். இருக்கலாங்கறது வேற, இருக்குதுங்கறது வேற” என்றார். பிறகு, கீழே எழுத்துப் போட வேண்டாம் என்று மண்டபத்துக்காரர்களுக்குப் போன் செய்யச் சொல்லிச் சண்முகம் அண்ணாவைக் கூப்பிட்டார். என்ன காரணம் என்று அண்ணா கேட்டதற்கு, எழுத்துப் போட்டால் முகம் மறைக்கும் என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை.

மண்டபத்தில் நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். எனக்குக் கேட்காததால் நான் முதல் வரிசையில் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். படத்துண்டை மூன்று முறை ஓட்டினார்கள். மைக் வைத்திருந்தவர், உங்கள் அம்மா உங்களைத்தானே கூப்பிடுகிறார், அந்த நிமிடத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். எல்லோரும் அதற்காகத்தான் வந்திருந்தீர்கள். சிலர் கைக்குட்டையைக்கூடத் தயாராக எடுத்து வைத்திருந்தீர்கள். தெரியாதுங்க என்றார். கேட்டவர் விடாமல், பாப்பா என்று கூப்பிடுகிறார் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று எடுத்துக் கொடுத்தார். அப்போது டெலிபோன் அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மைக்கைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

“அது நானாச் சொல்லிக்கிட்டதுங்க. என்ன சொல்றாங்கன்னு நெசமாத் தெரியாது. ஆனா எங்கம்மா நல்லா நடிச்சிருக்காங்க. அந்தக் கொடத்தைப் பாருங்க. காலிக் கொடமுங்க அது. நெறகொடமாட்டத் தூக்கிட்டு வாராங்க. இடுப்பு ஒரு பக்கம் சாஞ்சிருக்குது, தோளு எறங்கியிருக்குது. நான் அறுபது தடவை பாத்ததுக்கப்பறம்தான் அது காலிக் கொடம்னு கண்டேன். அதைப் பாருங்க. அதுக்குத்தான் அவங்க போனாங்க.”

பின்வரிசையில் இருந்தவர்களுக்குக் கடைசியில் சொன்னது கேட்டிருக்காது. மைக்கை வாயிலிருந்து இறக்கிவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுபடி தாராபுரத்துக்காரி என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். சொல்லவில்லை. கூப்பிட்டார்களா என்று தெரியாமலே எங்கம்மா என்றுதான் சொன்னார்.

திரும்பி ஆட்டோவில் வரும்போது, எல்லோரும் சிரித்தார்களா என்று கேட்டார். இல்லை, ஒருவர் மட்டும் கொட்டாவி விட்டார் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். அதுதான் நான் பார்த்த அவருடைய கடைசிப் பெரிய சிரிப்பு. மூன்று வாரத்தில் நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் போட்டுவிட்டார்கள். மாஸ்க்குக்குள் உதடு அசைவது புகைபோலத் தெரியும். என்னவென்று தெரியாது. அவரும் நிறையச் சொல்லிப் பார்த்தார். நான் கையை விரித்துக் காட்டுவேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார். கடைசி நாள் மாலை என் அம்மா வந்து என்னை வீட்டுக்குக் கூட்டிப் போகும் வரை ஏதோ ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் காலை சண்முகம் அண்ணாவிடமிருந்து போன் வந்தது.

மூன்றாம் நாள் வீட்டில் உறவுக்காரர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தையின் ஞாபகமாக ஏதாவது எடுத்துக்கொள் என்று சண்முகம் அண்ணா பீரோவைத் திறந்து காட்டினார். நான் எதையும் எடுக்கவில்லை. பிறகு அவர் என் எதிரில் வந்து நின்று, எனக்குத் தெரியும்படி மெதுவாகக் கேட்டார். “கடைசியா அத்தை என்னமோ சொல்லிட்டே இருந்தாங்களே, நீதான அம்மணி பக்கத்துல இருந்த? அம்மான்னாங்களா?”

அழுது அழுது அவர் முகம் வீங்கியிருந்தது. உட்கார்ந்திருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினால் போதும், அத்தனை பேருக்கும் ஆறுதலாக இருக்கும். இந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அதைப் போட்டிருப்பார்கள்.

“தெரியலீங்கண்ணா” என்றேன். “மாஸ்க் போட்டிருந்தாங்க. எனக்குத் தெரியலீங்க.”

என் குரல் எனக்குக் கேட்காது. எல்லோருக்கும் கேட்டிருக்க வேண்டும். என் அம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். அத்தனை பேர் முன்னால் நான் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. டெலிபோன் அம்மாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு வார்த்தைதான்.